ஃபோர்ஜ்டு அயர்னுக்கு மாறிய ஆறு ஹேண்டிகேப்: சென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் கோல்ஃப் ஆடும் ஒருவர் ஒற்றை இலக்க ஹேண்டிகேப்புக்கு (எண் குறையக் குறைய ஆட்டம் நல்லது என்று அர்த்தம்) வந்துவிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் ஃபோர்ஜ்டு அயர்ன், அதாவது அச்சில் அடித்துச் செய்த இரும்புத் தலை கிளப் செட் ஒன்றின் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். மெல்லிய டாப்லைன் (தலையின் மேல் விளிம்பு), குறுகிய சோல் (தலையின் அடிப்பாகம்), கையில் எடுத்தாலே ஒரு கெத்து. புது செட் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். வாங்கிய புதிதில் ஸ்கோர் ஏறும், கோல்ஃபில் அது கெட்ட செய்தி. அதற்கப்புறம் இரண்டு கட்சிகளாகப் பிரிவார்கள். ஒரு கட்சி "ஃபீல் இருக்கே சார், அதுக்கு ஈடே இல்ல" என்று சொல்லிக்கொண்டு 95 அடிக்கும். இன்னொரு கட்சி செட்டைத் துடைத்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் விலைக்குப் போடும்.

கிளப் ஃபிட்டிங்கும் ரிப்பேரும் என் தொழில் என்பதால் இரண்டு கட்சிக்காரர்களும் என் பெஞ்சுக்கு வந்து போகிறார்கள். இந்த ஆய்வு இரண்டிலும் சேராத ஒருவரைப் பற்றியது. அம்பத்தூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஃபோர்ஜிங் ஷாப் ஒன்றில் வேலை பார்ப்பவர். அதனால் அவரை இன்ஜினியர் என்றே குறிப்பிடுகிறேன். நாற்பத்தைந்தை ஒட்டிய வயது, ஐந்தடி ஐந்தங்குல உயரம், வலது கை ஆட்டம், ஹேண்டிகேப் 6. வார இறுதியில் நந்தனம் காஸ்மோ மைதானம், அப்போது எப்போதாவது நண்பர்களோடு கிண்டி மைதானம்.

பழைய செட்டில் என்ன குறை?

அவரிடம் இருந்தது உள்ளே கூடான, மெல்லிய முகம் கொண்ட 'டிஸ்டன்ஸ்' அயர்ன். ஏழாம் அயர்னின் லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) 29 டிகிரி. அயர்னின் எண் கூடக் கூட லாஃப்ட் கூடும், தூரம் குறையும். பந்து நன்றாகவே பறந்தது, தூரத்தில் குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் நம்மூர் க்ரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) சிமெண்ட் தளம் மாதிரி இறுகிவிடும். அவருடைய பந்து க்ரீனின் நடுவில் விழுந்து பின்பக்கம் ஓடிப்போகும். அவருக்கு வழக்கமாகப் பை தூக்கி வரும் கேடி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாராம்: "சார், நீங்க கரெக்டாதான் அடிக்கிறீங்க. பந்துதான் நிக்க மாட்டேங்குது."

இன்னொரு புகாரும் உண்டு. எட்டாம் அயர்னில் பத்துப் பந்து அடித்தால் ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பதினைந்து யார்டு கூடப் போய்விடும். மெல்லிய முகமுள்ள கிளப்பைப் பற்றித் திறமையான ஆட்டக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. இருபது ஹேண்டிகேப்காரருக்கு அந்தப் பதினைந்து யார்டு பரிசு. ஆறு ஹேண்டிகேப்காரருக்கு அது க்ரீனுக்குப் பின்னால் இருக்கும் புதர்.

மூன்றாவது குறையை அவர் குறையாகவே நினைக்கவில்லை. பந்து எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் போகும். கொடிக்கு வலப்பக்கம் குறி வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அடித்த இரும்பு, வார்த்த இரும்பு

வாங்கும் முன் அவர் என்னிடம் கேட்டது, வேறு யாரும் கேட்காத கேள்வி. "1020 ஸ்டீல்னு போட்டிருக்கான் சார். அது நாங்க தினமும் பார்க்கிற மைல்டு ஸ்டீல்தானே? இதுல என்ன மாயம்?"

மாயம் ஒன்றும் இல்லை. 1020 என்றால் ஏறக்குறைய 0.20 சதவீதம் கார்பன், 1025 என்றால் 0.25 சதவீதம். ஸ்ரிக்ஸன் ஃபோர்ஜ்டு அயர்ன்களில் 1020ஐப் பார்க்கலாம், மிசுனோவில் 1025ஐ. எஃகுத் துண்டைச் செக்கச் செவேலென்று சூடாக்கி, அச்சில் வைத்துப் பல தடவை அடித்து, ஓரத்தில் பிதுங்கியதை வெட்டி, அரைத்து, மெருகேற்றி, நிக்கல் குரோம் முலாம் பூசுவார்கள். வார்ப்பு முறையில் மெழுகில் தலையைச் செய்து, அதன்மேல் பீங்கான் கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜரை வார்ப்பதும் இதே மெழுகு முறையில்தான். அதை யாரும் மட்டமான வேலை என்று சொல்வதில்லை. கோல்ஃபில் மட்டும் 'காஸ்ட்' என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

அந்தச் சுளிப்புக்கு நியாயம் குறைவு. கார்ஸ்டன் சோல்ஹைம் வார்ப்பு முறையை வைத்துத்தான் பிங் கம்பெனியின் அயர்ன்களைச் செய்தார். 1982இல் வந்த ஐ2, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு பெரிய போட்டிகளை வென்றிருக்கிறார்கள். இதைவிட நல்ல உதாரணம் டைட்டிலிஸ்ட்டின் வோக்கி வெட்ஜ் (லாஃப்ட் அதிகமான, குறுந்தூர கிளப்). க்ரீன் ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டும் ஷாட்டுக்குத்தான் கையில் உணர்வு அதிகம் வேண்டும். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் பலர் அதற்கு எடுக்கும் வோக்கி, 8620 கார்பன் ஸ்டீலில் வார்த்தது. அடித்தது அல்ல.

இன்ஜினியர் தன் துறையிலிருந்தே இன்னொரு விஷயத்தைப் பிடித்தார். கிராங்க்ஷாஃப்டை ஏன் ஃபோர்ஜ் செய்கிறார்கள்? உலோகத்தின் இழையோட்டம் உருவத்தோடு சேர்ந்து வளைந்து போனால், கோடிக்கணக்கான சுழற்சிக்கும் விரிசல் விடாமல் தாங்கும். கோல்ஃப் தலைக்கு அப்படி என்ன பாரம்? மிசுனோ தன் 'கிரெய்ன் ஃப்ளோ' முறையைப் பெருமையாகச் சொல்கிறது. வேலை சுத்தமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கிராங்க்ஷாஃப்டுக்கு அந்த இழையோட்டத்தால் கிடைக்கும் ஆயுள், ஏழாம் அயர்னுக்குத் தேவையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஃபோர்ஜ்டு' என்று பொறித்ததெல்லாம் ஒரே ஜாதி இல்லை. டெய்லர்மேட் பி790 போன்றவை கூடான உடம்பும் தனியாகப் பொருத்திய முகமும் உள்ள தூர அயர்ன்கள். அவற்றிலும் ஃபோர்ஜ்டு என்றுதான் எழுதியிருக்கும். டைட்டிலிஸ்ட் டி100 வேறு, ஒரே துண்டில் செய்த, பின்பக்கம் குழிவில்லாத பிளேடு வேறு. அந்தச் சொல் எப்படிச் செய்தார்கள் என்று மட்டும்தான் சொல்லும். கிளப் எப்படி நடந்துகொள்ளும் என்பதை லாஃப்ட், சோலின் அகலம், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஷாஃப்ட் (தண்டு) ஆகியவைதான் முடிவு செய்கின்றன.

இவ்வளவும் பேசி முடித்துவிட்டு அவர் வாங்கியது 1020 ஸ்டீலில் ஃபோர்ஜ் செய்த, பின்பக்கம் சின்ன கேவிட்டி (குழிவு) உள்ள செட். நாலாம் அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை, ஏழாம் அயர்ன் லாஃப்ட் 34 டிகிரி. "தெரிஞ்சுதான் சார் வாங்குறேன்" என்றார். பார்க்க அழகாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தானே. நான் தடுக்கவில்லை.

முதல் கோடை

முதலில் தூரம் போய்விட்டது. ஏழாம் அயர்னில் 160 யார்டு அடித்தவருக்கு இப்போது 148. பதற வேண்டியதில்லை என்று, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன் நிறுத்திக் காட்டினேன். 29க்கும் 34க்கும் நடுவில் ஐந்து டிகிரி இருக்கிறது. இது கிட்டத்தட்ட ஒன்றரை கிளப் வித்தியாசம். கிளப்பின் அடியில் எழுதிய எண் மட்டும்தான் ஒன்று. பழைய ஏழின் வேலையைப் புது ஆறாம் அயர்ன் செய்கிறது. 1980களில் ஏழாம் அயர்ன் 36 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. கம்பெனிகள் லாஃப்டைக் குறைத்துக் குறைத்துத் தூரம் என்று விற்றிருக்கின்றன.

எண்ணை மறந்துவிட்டுப் பார்த்தால் மாற்றம் நல்லதுதான். பழைய ஏழில் சுழற்சி நிமிடத்துக்கு 5000 சொச்சம், புது ஏழில் 6500ஐத் தாண்டியது. பந்து தரையிறங்கும் கோணம் 43 டிகிரியிலிருந்து 47க்கு ஏறியது. அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் ஏழாம் அயர்ன் சராசரி என்று லாஞ்ச் மானிட்டர் கம்பெனியான டிராக்மேன் வெளியிட்ட பழைய அட்டவணையில் சுழற்சி 7100 அளவிலும், இறங்கும் கோணம் 50 டிகிரியிலும் இருக்கும். நம்மவர் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் இறுகிய க்ரீனில் 47 டிகிரியில் விழும் பந்து இரண்டு குதி குதித்து நின்றுவிடும். சொல்லாமல் போகும் அந்தப் பதினைந்து யார்டும் காணாமல் போனது. நடுவில் பட்ட பந்துகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன.

ஆனால் ஸ்கோர் இறங்கவில்லை, ஏறியது. காரணம் இரண்டு.

ஒன்று நாலாம், ஐந்தாம் அயர்ன். சின்ன தலையில் ஸ்வீட் ஸ்பாட்டை (பந்து பட வேண்டிய நடு இடம்) தாண்டி டோ (தலையின் வெளி நுனி) பக்கம் பட்டால் தலை திரும்பிக்கொள்ளும், பந்தின் வேகம் விழும். பழைய செட்டில் ஐந்து யார்டு குறைந்த இடத்தில் இப்போது பதினைந்து குறைந்தது. நீளமான பார் 3க்கெல்லாம் (ஒரே அடியில் க்ரீனை எட்ட வேண்டிய ஆட்டக் குழிகள்) முன்பக்க பங்கர், அதாவது மணல் பள்ளம்தான் பரிசு. இரண்டாவது, அந்த இடப்பக்க ஓட்டம். அது இப்போது அதிகமானது, அதுவும் தண்டு குட்டையான, லாஃப்ட் கூடிய கிளப்பில்தான் கூடுதல். பிட்சிங் வெட்ஜில் 110 யார்டிலிருந்து கொடிக்கு நேராக அடித்தால் க்ரீனின் இடது ஓரம். ஆறு ஹேண்டிகேப்காரர் இந்தத் தூரத்தில்தான் ஸ்ட்ரோக் சேமிக்க வேண்டும், இவரோ இங்கேதான் தொலைத்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் தெரிந்தது

குட்டையான கிளப்பில் இடப்பக்க ஓட்டம் கூடுகிறது என்று கேட்டதுமே எனக்கு லை கோணத்தின் (ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையிலான கோணம்) மேல்தான் சந்தேகம். சோலைத் திருப்பிப் பார்த்தால் ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்) தேய்ந்திருந்தது, டோ பக்கம் முலாம் புதிது போலவே இருந்தது. பந்தில் மார்க்கரால் நேர்க்கோடு வரைந்து, செங்குத்தாக வைத்து அடிக்கச் சொன்னேன். கிளப் முகத்தில் பதிந்த கோட்டின் மேல்நுனி டோ பக்கம் சாய்ந்திருந்தது. அடிபடும் நேரத்தில் டோ மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, அவருக்கு லை கோணம் மூன்று டிகிரி அதிகம் என்று அர்த்தம். கம்பெனி அளவு சராசரி உயரக்காரருக்கானது. ஐந்தடி ஐந்தங்குலக்காரர் அந்தச் சராசரியில் இல்லை.

டோ தூக்கினால் வலது கைக்காரரின் கிளப் முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் அதிகமாக அதிகமாக இந்த விலகலும் அதிகமாகும். 34 டிகிரி லாஃப்டில் மூன்று டிகிரி லை பிழை, பந்தை இரண்டு டிகிரி இடப்பக்கம் அனுப்பும். 150 யார்டில் அது ஐந்து யார்டு. 46 டிகிரி வெட்ஜில் விலகல் மூன்று டிகிரி, 110 யார்டிலேயே ஆறு யார்டு போய்விடும். பழைய செட்டிலும் இதே பிழை இருந்தது. அங்கே லாஃப்ட் குறைவு என்பதால் விலகலும் கொஞ்சம் குறைவு. மிச்சத்தை அவர் வலப்பக்கம் குறி வைத்து மறைத்துவிட்டார்.

பழைய செட்டையும் ஒருமுறை என்னிடம் கொண்டுவந்திருந்தார். அது 17-4 ஸ்டெயின்லெஸ். ஒரு டிகிரிக்கு மேல் வளைக்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்த எஃகு அவ்வளவு கடினம், அழுத்தினால் ஹோசலில் (ஷாஃப்ட் நுழையும் கழுத்து) விரிசல் விட வாய்ப்புண்டு. 1020 அப்படி இல்லை. லாஃப்ட்-லை மெஷினில் பூட்டி, வளைப்பான் கம்பியை மாட்டி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். முதலில் இரண்டு டிகிரி இறக்கினேன். அவர் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு வந்தபின் இன்னொரு டிகிரி.

அப்போதே எல்லா லாஃப்டையும் அளந்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நாலு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைதான் இருந்தது. இரண்டும் ஒரே தூரம் போகிறது என்று அவர் புலம்பியதற்கு விளக்கம் கிடைத்தது. ஃபேக்டரியிலேயே ஒரு டிகிரி முன்னே பின்னே வருவது சகஜம். அதோடு, கான்கிரீட் மேல் விரித்த ரேஞ்ச் மேட்டில் ஆயிரக்கணக்கில் அடித்தால் மென்மையான இரும்பு கொஞ்சம் நகரும். வாங்கிய அன்றே அளந்து எழுதி வைத்திருந்தால் இரண்டில் எது என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். இப்போது என்னிடம் புது செட் வாங்கிவரும் எல்லாருக்கும் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறேன்.

ஃபோர்ஜ்டு அயர்னால் இவருக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று நான் நினைப்பது இந்த வளையும் குணம்தான். அதுவும் எஃகின் மென்மையால் வருவது, சுத்தியலடியால் அல்ல. 8620இல் வார்த்த தலையும் இதே போல் வளையும். கடையில் கேட்க வேண்டியது ஃபோர்ஜ்டா காஸ்டா என்பதைவிட, "இதை எத்தனை டிகிரி வளைக்கலாம்?" என்பதைத்தான்.

காதை அடைத்துவிட்டு

"அப்போ ஃபீல்னு ஒண்ணு இல்லவே இல்லையா சார்?" என்று அவரே ஒருநாள் கேட்டார். இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை.

பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதிர்வு ஷாஃப்ட் வழியே ஏறிக் கையை எட்டும்போது பந்து கிளம்பிவிட்டிருக்கும். காதுக்குச் சத்தம் வருவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான், மூளை இரண்டையும் கலந்துவிடுகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அடியின் சத்தத்துக்கும் ஆட்டக்காரர் சொல்லும் ஃபீலுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது.

நாங்களும் ஒரு விளையாட்டுச் சோதனை செய்து பார்த்தோம். அவரும் அவர் நண்பர்கள் இருவரும். ஒரே மாடல் ஷாஃப்ட் போட்ட இரண்டு ஏழாம் அயர்ன், ஒன்று ஃபோர்ஜ்டு, இன்னொன்று வார்ப்பு. தலையின் பின்பக்கம் டேப் சுற்றி, கிளப்பை நானே கையில் கொடுத்தேன். காது திறந்திருந்தபோது மூவரும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். ஹெட்போனில் பாட்டைச் சத்தமாக வைத்ததும் தடுமாறிவிட்டார்கள். ஆனால் பந்து முகத்தில் எங்கே பட்டது என்பதை, காது அடைத்திருந்தும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். மூன்று பேரை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் இன்ஜினியருக்கு அது போதுமாக இருந்தது. டோவில் பட்டதும் கையில் சுரீரென்று ஏறுவது சின்ன தலை திரும்புவதால்தான், எஃகின் சாதியால் அல்ல என்று அவரே முடிவுக்கு வந்தார்.

மழையும் உப்புக் காற்றும்

வடகிழக்குப் பருவமழை வந்ததும் வேறு பிரச்சினை. கோடையில் குறுகிய சோல் இறுகிய தரையில் அழகாக வழுக்கிப் போகும், பந்தைச் சுத்தமாக எடுக்கும். நவம்பரில் அதே சோல் ஈர மண்ணுக்குள் கத்தி போல இறங்கியது. இவர் பந்தைச் செங்குத்தாக வந்து வெட்டுபவர் என்பதால் இன்னும் மோசம். இங்கே ஒரு நுணுக்கம்: லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் (சோல் மண்ணில் புதையாமல் தடுக்கும் கோணம்) ஒரு டிகிரி குறையும். ஆறுக்கும் ஏழுக்கும் இடைவெளியைச் சரிசெய்தபோது நான் ஆறைக் குறைக்காமல் ஏழின் லாஃப்டைக் கூட்டியதற்கு இதுதான் காரணம். பவுன்ஸ் கொஞ்சம் கிடைத்தது. மிச்சத்துக்கு அவர் பந்தை ஸ்டான்ஸில் (நிற்கும் நிலையில்) அரை அங்குலம் முன்னே, இடது கால் பக்கமாக வைத்துப் பழகினார்.

உயரமாகப் போகும் பந்துக்குக் கடல்காற்று எதிரி. மதியம் கிழக்கிலிருந்து காற்று எழுந்தபின் எதிர்த்து அடித்தால் 6500 சுழற்சி பந்தை மேலே மேலே தூக்கி அங்கேயே நிறுத்திவிடும். பழைய செட் இந்த ஒரு விஷயத்தில் மேல். இப்போது ஒரு கிளப் கூட எடுத்து முக்கால் ஸ்விங்கில் அடிக்கிறார். காலை ஆறு மணிக்கே டீ-ஆஃப் எடுப்பது இன்னும் சுலபமான வழி.

துரு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முலாம் இருக்கும்வரை பயமில்லை. சோலிலும் முன் விளிம்பிலும் மணல் உரசி முலாம் போன இடத்தில் கார்பன் ஸ்டீல் வெளியே தெரியும், மெரினா காற்றுக்கு அது போதும். ஆட்டம் முடிந்ததும் துடைத்துவிட்டு, ஈரத் துண்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டால் சரி. அயர்னுக்கு உறை போட்டுப் பையோடு கார் டிக்கியில் வைப்பவர்களின் செட்தான் சீக்கிரம் புள்ளி விழுகிறது, ஈரம் உள்ளேயே அடைபடுவதால். தலைகள் ஒன்றோடொன்று மோதி வரும் சின்னச் சின்னப் பள்ளத்தைத் தவிர்க்க முடியாது. மென்மைக்கு அதுதான் விலை.

மற்ற இருவர்

சோதனையில் கூட இருந்த நண்பர்களில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர், ஹேண்டிகேப் 9. இன்ஜினியரைப் பார்த்து அவரும் அதே செட் வாங்கினார். ஸ்விங் வேகம் குறைந்துகொண்டே வரும் வயதில் 34 டிகிரி ஏழாம் அயர்ன் 125 யார்டுகூடப் போகவில்லை. அதில் 130 கிராம் எடையுள்ள டைனமிக் கோல்ட் ஷாஃப்ட் வேறு. திரும்பவும் பழைய செட்டுக்குப் போய்விட்டார், சந்தோஷமாக இருக்கிறார். ஷாஃப்டை நிப்பான் 950 போல நூறு கிராமுக்குக் கீழே மாற்றிப் பார்க்கலாம் என்றேன். "போதும்பா, என்னை விடு" என்றார்.

இன்னொருவர் கல்லூரி மாணவர், கிட்டத்தட்ட ஸ்க்ராட்ச் (ஹேண்டிகேப் பூஜ்யம்). பிளேடே வைத்திருக்கிறார், பிரச்சினை எதுவும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்பவருக்கு எதைக் கொடுத்தாலும் நடுவில்தான் படும்.

இன்ஜினியரின் பை இப்போது கலவை. ஆறு முதல் பிட்சிங் வெட்ஜ் வரை அதே ஃபோர்ஜ்டு கேவிட்டி. நாலும் ஐந்தும் அதே கம்பெனியின் கூடான, கொஞ்சம் பெரிய தலை உள்ள மாடல். தூர இடைவெளி ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காக அந்த இரண்டின் லாஃப்டையும் ஒரு டிகிரி கூட்டியிருக்கிறேன். பார் 3 பங்கர் இப்போது அவ்வளவாக அவரைக் கூப்பிடுவதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடைக்கு முன்பும் மழை ஓய்ந்த பின்பும், எல்லாவற்றையும் கொண்டுவந்து அளக்கச் சொல்கிறார். ஹேண்டிகேப் 6லிருந்து 5க்கு வந்திருக்கிறது, அதில் பாதி அவருடைய புது பட்டிங் கோச்சின் புண்ணியம் என்பது என் சந்தேகம். இப்போது நாலாம் அயர்னையும் எடுத்துவிட்டு ஹைபிரிட் (பந்தை உயரமாக எழுப்பச் சுலபமான, பெரிய தலை கிளப்) போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மதியக் காற்றில் தாழ்வாக அடிக்க ஒரு கிளப் வேண்டும் என்பதால், இந்தக் கோடை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.